ஒரு மில், இரண்டு காப்புறுதி: காசு யார் கொடுப்பது?

பரந்தன் பக்கம் ஓர் அரிசி மில்லில் தீப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்போக அறுவடை முடிந்து, நெல் மூட்டை கூரை முட்ட அடுக்கியிருக்கும் பங்குனி மாதம். மில்காரர் வங்கியில் கடன் எடுத்தபோது வங்கி கேட்டபடி ஒரு கொம்பனியில் தீக் காப்புறுதி எடுத்தார், 100 இலட்சத்துக்கு. பிறகு சொந்தக்காரப் பெடியன் ஒருவன் இன்னொரு கொம்பனிக்கு முகவராகப் போனான், அவனுக்காக அதே நெல் இருப்புக்கு 40 இலட்சத்துக்கு இன்னொரு பத்திரம். இப்போது 60 இலட்சம் பெறுமதியான நெல் எரிந்துபோயிற்று. இரண்டு பத்திரமும் உயிரோடு இருக்கின்றன, இரண்டுக்கும் கட்டுப்பணம் ஒழுங்காகக் கட்டியாயிற்று. முதல் கொம்பனிக்குப் போனால், "அண்ணை, மற்றக் கொம்பனியிலும் போட்டிருக்கிறியள் எல்லோ, அவையிட்டயும் கேளுங்கோ" என்பார்கள். மற்றக் கொம்பனிக்குப் போனால், "வங்கிக்காகப் போட்டதுதான் முதல் பத்திரம், அவை முதலில் முடிக்கட்டும்" என்பார்கள். மில்காரர் கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பஸ் ஏறிக்கொண்டிருக்க, வங்கி வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இந்தக் கட்டுரை அந்தச் சண்டையைப் பற்றியது. ஒரே ஆபத்தை இரண்டு காப்புறுதியாளர்கள் சுமக்கும்போது அவர்களுக்குள் வரும் தகராறைச் சட்டம் எப்படித் தீர்க்கிறது, இரண்டு பக்கமும் என்னென்ன வாதங்களை எடுக்கின்றன, இதற்குள் காப்புறுதி எடுத்தவர் நசுங்காமல் இருக்க என்ன வழி. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யார் எவ்வளவு கொடுப்பது என்பது கொம்பனிகளின் பிரச்சினை. அது தீரும்வரை எரிந்த நெல்லுக்குக் காசு வராமல் இருப்பது அநியாயம், அதைத் தவிர்க்கச் சட்டத்தில் வழியும் இருக்கிறது.

அடிப்படை விதி மிகப் பழையது. 1758 இல் இங்கிலாந்தில் கோடின் என்பவர் லண்டன் அசூரன்ஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் மான்ஸ்பீல்ட் பிரபு இதைத் தெளிவாகச் சொன்னார். இரண்டு காப்புறுதி எடுத்தவர் இழப்பைவிட அதிகமாக வாங்க முடியாது, ஆனால் அந்த இழப்பு முழுவதையும் இருவரில் யாரிடமும் கேட்கலாம். கொடுத்தவர் பிறகு மற்றவரிடம் போய்த் தன் பங்குக்கு மேல் கொடுத்ததை வாங்கிக்கொள்ளட்டும். இந்த உரிமைக்குப் பெயர் பங்களிப்பு உரிமை. விதி இப்படியே நின்றிருந்தால் மில்காரருக்குத் தலையிடி குறைந்திருக்கும், 60 இலட்சத்தையும் கொடுக்க வலுவுள்ள முதல் கொம்பனியிடம் நேரே போயிருப்பார்.

ஆனால் கொம்பனிகள் பத்திரத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தன. அதே சொத்துக்கு வேறு காப்புறுதி இருந்தால், அதை யார் எடுத்திருந்தாலும், இழப்பில் எங்கள் விகிதாசாரப் பங்குக்கு மேல் கொடுக்க மாட்டோம் என்பது அதன் சாரம். தீக் காப்புறுதிப் பத்திரங்களில் இது பழகிப்போன வாசகம், பெரும்பாலும் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் கிடக்கும். இதன் விளைவு பெரியது. இந்த வாசகம் வந்ததும், இருவரிடமும் தனித்தனியாகப் போய்ப் பங்கு பங்காகக் காசு வாங்கும் வேலை காப்புறுதி எடுத்தவரின் தலையில் விழுகிறது. ஒரு கொம்பனி முறிந்துபோனாலோ இழுத்தடித்தாலோ அந்தப் பங்கு அவருக்கு நட்டம். 1758 இன் விதி யாரைக் காப்பாற்ற வந்ததோ, அந்த ஆளையே இது நடுவில் நிறுத்துகிறது.

இங்கிலாந்துத் தீர்ப்புக்கும் வன்னிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, ஆயுள் காப்புறுதி, தீக் காப்புறுதி பற்றிய கேள்விகள் இலங்கையில் எழுந்தால், வேறு சட்ட ஏற்பாடு இல்லாதவிடத்து, அந்தந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அதே கேள்விக்கு எந்தச் சட்டம் பயன்படுமோ அதையே பயன்படுத்த வேண்டும் என்கிறது. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் காப்புறுதிக் கைத்தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் பிரதானமாகக் கொம்பனிகளுக்கு உரிமம் கொடுப்பதையும் கண்காணிப்பதையும் பற்றியது. ஆகவே பரந்தனில் எரிந்த நெல்லுக்கு லண்டன் தீர்ப்புகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. கவனியுங்கள், அந்தப் பிரிவில் பெயர் சொல்லி வருவது ஆயுளும் தீயும்தான். வாகனக் காப்புறுதி அந்தப் பட்டியலில் இல்லை. லொறித் தகராறில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, இங்கே பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து தொடங்குவோம் என்று வாதிட அது ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஒருவர் காசில் மற்றவர் நியாயமில்லாமல் இலாபம் அடையக்கூடாது என்ற கொள்கை அந்தச் சட்டத்திலும் உண்டு, அதனால் கடைசியில் வந்து சேரும் இடம் அவ்வளவு தூரம் இல்லை என்பது என் எண்ணம்.

சரி, கொம்பனிச் சட்டத்தரணி முதலில் தேடுவது எது? இது உண்மையிலேயே இரட்டைக் காப்புறுதிதானா என்பதை. பங்களிப்புக் கேட்க வேண்டுமென்றால் இரண்டு பத்திரமும் ஒரே சொத்தை, ஒரே ஆபத்துக்கு எதிராக, ஒரே ஆளின் ஒரே நலனுக்காக, அந்த நேரத்தில் செல்லுபடியாகும் விதத்தில் காத்திருக்க வேண்டும். இதில் ஒன்று உடைந்தாலும் பங்களிப்பு இல்லை. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததே, அப்படியொரு வெள்ளத்தில் மில் நனைந்து, ஒரு பத்திரத்தில் வெள்ளம் சேர்த்திருந்து மற்றதில் தீ மட்டும் இருந்தால், இரண்டு பத்திரம் இருந்தும் இரட்டைக் காப்புறுதி இல்லை. அதேபோல வயலில் நிற்கும் பயிருக்குக் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையின் காப்புறுதி வேறு, அது வெட்டி மூட்டையாகி மில்லுக்கு வந்தபின் மில்லின் பத்திரம் வேறு.

இவற்றில் எங்கள் பகுதிக்கு மிக நெருக்கமானது "ஒரே நலன்" என்ற பகுதி. இதற்கான பிரதான வழக்கும், பார்த்தால், தானியக் களஞ்சிய வழக்குத்தான். லண்டனில் தேம்ஸ் கரையோரம் ரொதர்ஹைத்தில் கிங் அண்ட் குயின் என்ற களஞ்சியம். வியாபாரி தன் தானியத்தை அங்கே போட்டு வைத்தார், தன் பங்குக்குக் காப்புறுதி எடுத்தார். களஞ்சியக்காரரும் தன்னிடம் இருக்கும் சரக்குக்குக் காப்புறுதி எடுத்தார், ஏனென்றால் அந்தத் தொழிலின் வழக்கப்படி சரக்குக்கு என்ன நடந்தாலும் அவரே பொறுப்பு. தீ வந்தது. களஞ்சியக்காரரின் காப்புறுதியாளர் பணம் கொடுத்துவிட்டு, வியாபாரியின் காப்புறுதியாளரிடம் பங்கு கேட்டார். பத்திரத்தில் நான் மேலே சொன்ன அதே வாசகம், "யார் எடுத்திருந்தாலும், அதே சொத்துக்கு" என்று. எழுத்துக்கு எழுத்து வாசித்தால் பங்கு கிடைத்திருக்க வேண்டும், தானியம் ஒன்றுதானே. ஆனால் 1877 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கிடையாது என்றது. காப்புறுதி செய்யப்பட்டது தானியம் என்ற பொருள் மட்டும் அல்ல, அதில் ஒவ்வொருவருக்கும் இருந்த நலன். சொந்தக்காரரின் நலன் வேறு, பொறுப்பேற்றவரின் நலன் வேறு. பொறுப்பு களஞ்சியக்காரருடையது, ஆகவே முழுச் சுமையும் அவரின் காப்புறுதியாளருக்கே.

இதை அப்படியே இங்கே கொண்டுவந்து பாருங்கள். அறுவடையோடு நெல் விலை விழுந்து கிடக்கும், ஈரமும் போயிருக்காது, விலை ஏறும்வரை விவசாயியோ நெல் வாங்கும் வியாபாரியோ மூட்டைகளை மில்லில் போட்டு வைப்பார்கள். துண்டு ஒன்று எழுதிக் கொடுப்பார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை, கொப்பியில் பெயரும் மூட்டைக் கணக்கும் மட்டும். அந்த மில் எரிந்தால், மில்காரர் எதற்குப் பொறுப்பு என்பதுதான் இரண்டு காப்புறுதியாளர்களுக்கும் நடுவிலான முழு வழக்கும். எது நடந்தாலும் நான் பொறுப்பு என்று ஏற்றிருந்தாரா, கவனக்குறைவு இருந்தால் மட்டும் பொறுப்பா? பொறுப்பு அவருடையது என்றால் வியாபாரியின் கொம்பனி தன் ஆளுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வியாபாரியின் இடத்தில் நின்று மில்காரர் மேல் முழுத் தொகைக்கும் வரலாம், அந்தச் சுமை அவரது கொம்பனிக்கு, அது பதிலீட்டு உரிமை. பொறுப்பு இல்லையென்றால் வியாபாரியின் கொம்பனியே தாங்க வேண்டும். பாதிப் பாதி என்ற பேச்சே இங்கே வராது, ஒன்றில் முழுவதும் அல்லது ஒன்றுமில்லை. அந்தக் கொப்பிக்கு இவ்வளவு பெறுமதி இருக்கிறது, அதனால்தான் நெல் இறக்கும்போது பொறுப்பு யாருடையது என்று ஒரு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைக்கச் சொல்லி நான் எல்லோரிடமும் சொல்வது.

வங்கி விஷயம் கொஞ்சம் வேறு. வங்கி தன் கடனை மட்டும் காக்கத் தானே தனியாகப் பத்திரம் எடுத்தால் அது வேறு நலன். ஆனால் இங்கே பெரும்பாலும் நடப்பது, மில்காரர் பெயரில் பத்திரம் எடுத்து வங்கியின் பெயரை அதில் குறித்துவிடுவது. அப்போது அந்தப் பத்திரம் மில்காரரின் நலனையும் காக்கிறது, ஆகவே முகவர் பெடியன் போட்ட பத்திரத்தோடு அது நேரே மோதும். உண்மையான இரட்டைக் காப்புறுதி.

அடுத்த வாதம், "மற்றவர் இருந்தால் நான் இல்லை" என்ற வாசகம். விகிதாசாரம் பேசாமல், வேறு காப்புறுதி இருந்தால் எங்கள் பத்திரம் பொறுப்பேற்காது என்றே சில பத்திரங்கள் சொல்லும். இரண்டு பத்திரமும் அப்படிச் சொன்னால்? ஒவ்வொன்றும் மற்றதைக் காட்டித் தப்பினால், இரண்டுக்கும் பணம் கட்டியவருக்கு ஒன்றுமே இல்லை என்றாகும். 1932 இல் வெடல் என்பவரின் வாகன வழக்கில் நீதிபதி ரௌலட் அதை ஏற்கவில்லை. இரண்டு வாசகமும் ஒன்றையொன்று வெட்டிவிடுகின்றன, ஆகவே இருவரும் பொறுப்பு, பங்கிட்டுக் கொடுங்கள் என்றார். யாராவது இப்படி இரண்டு பக்கமும் துரத்தினால் இந்த வழக்கின் பெயரை எழுதிக் கடிதம் போடுங்கள், அதை வாசிக்கும் கொம்பனிச் சட்டத்தரணிக்கு விளங்கும்.

இனி கணக்கு. பங்கிடுவது என்று முடிவானாலும் எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் பெரிய காசு இருக்கிறது. ஒரு முறை, பத்திரத் தொகைகளின் விகிதம். மில் உதாரணத்தில் 100 க்கு 40. முதல் கொம்பனி ஏறத்தாழ 42.86 இலட்சம், இரண்டாவது 17.14 இலட்சம். இன்னொரு முறை, மற்றவர் இல்லையென்றால் ஒவ்வொருவரும் தனியே எவ்வளவு கொடுத்திருப்பார் என்று பார்த்து அந்த விகிதம். முதல் கொம்பனி தனியே 60 இலட்சமும் கொடுத்திருக்கும், இரண்டாவது 40 வரைதான். 60 க்கு 40. அப்போது 36 இலட்சமும் 24 இலட்சமும். ஒரே தீ, முறை மாறியதால் கிட்டத்தட்ட 7 இலட்சம் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போகிறது.

1977 இல் கொமர்ஷல் யூனியனுக்கும் ஹேடன் என்ற லொயிட்ஸ் காப்புறுதியாளருக்கும் நடந்த வழக்கில் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டாவது முறையை எடுத்தது. ஒரு பத்திரத்தின் எல்லை 1 இலட்சம் பவுண், மற்றதன் எல்லை 10,000 பவுண், கோரிக்கையோ 4,400 பவுணைக் கொஞ்சம் தாண்டியது. இருவரும் தனியே முழுவதையும் கொடுத்திருப்பார்கள், ஆகவே சமபங்கு என்றது நீதிமன்றம். ஆனால் அது பொறுப்புக் காப்புறுதி பற்றிய வழக்கு, நெல், கட்டடம் போன்ற சொத்துக் காப்புறுதியை அது முடிவாகத் தீர்க்கவில்லை. எனவே பெரிய பத்திரக்காரர் ஹேடனைக் காட்டுவார், சின்னப் பத்திரக்காரர் இது சொத்து, அந்த வழக்குப் பொருந்தாது என்பார்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று. பத்திரங்களில் சராசரி நிபந்தனை இருந்தால், அதாவது இருப்பின் பெறுமதியைவிடக் குறைவாகக் காப்புறுதி செய்திருந்தால் இழப்பிலும் அந்த விகிதத்தில்தான் கொடுப்போம் என்ற நிபந்தனை இருந்தால், தீ நாளில் மில்லில் மொத்தம் எவ்வளவு நெல் இருந்தது என்பது இந்தச் சண்டையையே திருப்பிப் போடும். மொத்த இருப்பே 60 இலட்சம், முழுவதும் எரிந்தது என்றால் மேலே சொன்ன 36, 24 தான். மொத்த இருப்பு 120 இலட்சம், அதில் பாதி எரிந்தது என்றால்? முதல் கொம்பனி தனியே 50 இலட்சமும், இரண்டாவது தனியே 20 இலட்சமும்தான் கொடுக்க வேண்டியிருக்கும். 50 க்கு 20 என்பது 100 க்கு 40 தானே. திரும்பவும் 42.86, 17.14 க்கு வந்துவிட்டோம், எந்த முறையில் பார்த்தாலும். ஆகவே சின்னப் பத்திரக்காரருக்கு இருப்பு அதிகம் என்று காட்டுவது இலாபம், பெரியவருக்குக் குறைவு என்று காட்டுவது இலாபம். இரண்டு மதிப்பீட்டாளர்கள் ஒரே சாம்பலைப் பார்த்துவிட்டு இரண்டு விதமான இருப்புக் கணக்கோடு வந்தால் அதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கக்கூடும். மில்காரரின் பதிவேடும் நெல் கொள்வனவுத் துண்டுகளும் வங்கிக்குக் கொடுத்த மாதாந்த இருப்பு அறிக்கையும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் இந்தச் சண்டைக்குத் தீனி இல்லை. ஒத்துப்போகாவிட்டால் அவர் பொய் சொன்னார் என்று இருவரும் சேர்ந்து அவர் மேலேயே பாய்வதற்கும் வழி திறக்கும்.

இப்போது மில்காரர்மேல் இரக்கப்பட்டு முதல் கொம்பனி 60 இலட்சத்தையும் முதலில் கொடுத்துவிட்டது என்று வையுங்கள். நல்ல காரியம். ஆனால் அதற்குத் தண்டனை காத்திருக்கிறது. 1992 இல் பதிவான லீகல் அண்ட் ஜெனரல், ட்ரேக் நிறுவனங்களின் வழக்கில், பத்திரத்தில் விகிதாசார வாசகம் இருந்தும் தன் பங்குக்கு மேல் கொடுத்த காப்புறுதியாளர் அந்த மேலதிகத்தை விரும்பிக் கொடுத்தவராகிறார், விரும்பிக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது என்றது நீதிமன்றம். முதலில் கொடுக்கக் கொம்பனிகள் தயங்குவதற்கு இது ஓர் உண்மையான காரணம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மருந்தும் அதற்குள்ளேயே இருக்கிறது: கொடுக்குமுன் மற்றக் கொம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் கொடுக்கிறோம் என்று பதிந்து, மற்றக் கொம்பனிமேல் மில்காரருக்கு உள்ள உரிமையைத் தனக்கு எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பது. அதைவிடச் சுத்தமான வழி, இரண்டு கொம்பனிகளும் இப்போதைக்குப் பாதிப் பாதி கொடுப்போம், இறுதிக் கணக்கைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு பக்கத்தில் ஓர் இடைக்கால ஒப்பந்தம் எழுதி, ஒரே மதிப்பீட்டாளரை இருவரும் சேர்ந்து நியமிப்பது.

அதே ட்ரேக் வழக்கில் இன்னொரு விஷயமும் வந்தது. விபத்தைப் பற்றித் தங்களுக்கு நேரத்துக்கு அறிவிக்கவில்லை, அதனால் தாங்கள் பொறுப்பில்லை என்றது இரண்டாவது கொம்பனி. நீதிமன்றம் பார்த்தது இழப்பு நடந்த நாளை. அந்த நாளில் இருவரும் பொறுப்பு, பிறகு அறிவித்தலில் நடந்த பிழை கொம்பனிகளுக்கு இடையிலான பங்களிப்பு உரிமையைக் கொல்லாது என்றது. ஆனால் 1993 இல் பஹாமாசிலிருந்து வந்த ஈகிள் ஸ்டார் மேன்முறையீட்டில், பழைய குடியேற்ற நாடுகளின் மேன்முறையீடுகளைக் கேட்கும் லண்டன் மன்றமான பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. பிறகு 2003 இல் ஓகேன் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் திரும்பவும் இழப்பு நாளையே பிடித்தது. பிரிவி கவுன்சிலுக்கு இலங்கையிலிருந்து மேன்முறையீடு போவது 1970களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது, ஆகவே இங்கே இரண்டு பக்கமும் தனக்குப் பிடித்த தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாதிடலாம். இழப்பு நாள் என்பதே சரி என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் அறிவித்தலில் நடந்த ஒரு தவறால் இரண்டாவது கொம்பனிக்கு இலவச விடுதலை கிடைத்துவிடும்.

கூட்டுக் காப்புறுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய ஆலை, குளிரூட்டிக் களஞ்சியம் போன்றவற்றை மூன்று நான்கு கொம்பனிகள் 40, 30, 30 வீதம் என்று முன்கூட்டியே பங்கிட்டு எடுக்கும். அங்கே ஒவ்வொருவரும் தன் வீதத்துக்கு மட்டும் பொறுப்பு, ஒருவர் கொடுக்காததை மற்றவர் கொடுக்க வேண்டியதில்லை. முன்னணிக் கொம்பனியின் முடிவு மற்றவர்களையும் கட்டும் என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எழுதியிராவிட்டால் ஒரே தீக்கு மூன்று வழக்கு.

உழவு இயந்திரமும் பெட்டியும் வன்னி வீதிகளில் எப்போதும் உள்ள விஷயம். இயந்திரம் லீசிங்கில் எடுத்தது, அதற்கு ஒரு கொம்பனி, பெட்டி பழையது, வேறொருவரிடம் வாங்கியது, அதற்கு இன்னொரு கொம்பனி. மாங்குளம் சந்தியில் பெட்டி ஒரு மோட்டார் சைக்கிளில் மோதினால் யார்? கொளுவியிருக்கும்வரை பெட்டியை இழுக்கும் வாகனத்தின் பகுதியாகவே வாகனப் பத்திரங்கள் பொதுவாகப் பார்க்கும், பெட்டியின் பத்திரமும் பொறுப்பேற்றால் மேலே சொன்ன பங்கீடுதான். இங்கே நசுங்குவது காப்புறுதி எடுத்தவர்கூட அல்ல, வீதியில் போன மூன்றாம் ஆள். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் ஆள் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது அவருக்காகத்தான். கொம்பனிகளின் பங்குக் கணக்கு முடியும்வரை அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காத்திருக்க வேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

எங்கே போவது? காப்புறுதிக் குறைகேள் அதிகாரி காப்புறுதி எடுத்தவர்களின் முறைப்பாடுகளைப் பார்ப்பவர், கொம்பனிக்குக் கொம்பனி சண்டைக்கு அவர் இல்லை. ஆனால் மில்காரர், தன் கோரிக்கை அவரின் அதிகாரத்துக்குள் வருகிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம், காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம், எழுதும்போது இரண்டு கொம்பனிகளின் பெயரையும் ஒரே முறைப்பாட்டில் போடுங்கள், தனித்தனியே போட்டால் தனித்தனியே ஒருவர் மற்றவரைக் காட்டுவார். கொம்பனிகளுக்குள் என்றால் 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் நல்ல வழி. விஷயம் தெரிந்த ஒருவரை நடுத்தீர்ப்பாளராக வைத்துக் கணக்கை முடிக்கலாம், தீர்ப்பைத் தள்ளக் கேட்பவருக்கு 60 நாளும் மிகக் குறைந்த காரணங்களும்தான் உண்டு. ஒரே குறை, நடுத்தீர்ப்பு மூடிய அறையில் நடப்பது, அதிலிருந்து அடுத்த வழக்குக்கு முன்னுதாரணம் வராது.

மில்காரர் நேரே வழக்குப் போடுவதாக இருந்தால் இரண்டு கொம்பனிகளையும் ஒரே வழக்கில் எதிராளிகளாக்குங்கள். ஒன்றை மட்டும் பிடித்தால், அது தன் விகிதாசாரப் பங்கை நீதிமன்றத்தில் காட்டிவிட்டு மிச்சத்துக்குக் கையை விரிக்கும், மிச்சத்துக்கு நீங்கள் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவீர்கள், எழுத்து ஒப்பந்தத்துக்கான 6 வருடக் காலாவதியும் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கெல்லாம் முன்னால், இரண்டாவது பத்திரம் எடுக்கும் நாளிலேயே முதல் கொம்பனிக்கு ஒரு கடிதம், பிரதியில் அவர்களின் முத்திரையும் திகதியும். வேறு காப்புறுதி இருப்பதை அறிவிக்காவிட்டால் நன்மை இல்லை என்ற நிபந்தனை பல பத்திரங்களில் இருக்கிறது, முகவருக்குத் தெரியும்தானே என்பது அந்த இடத்தில் உதவாது. ஆணைக்குழு செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது: இரட்டைக் காப்புறுதி என்று தெரிந்ததும் முதலில் கோரிக்கை பெற்ற கொம்பனி தன் எல்லைவரை கொடுத்துவிட வேண்டும், அப்படிக் கொடுத்ததை விரும்பிக் கொடுத்ததாக மற்றக் கொம்பனி வாதிட முடியாது என்று ஒரு விதியை எல்லாக் கொம்பனிகளுக்கும் போட வேண்டும்.